புல்லுக்கு வைத்த கொள்ளி

எங்கள் தீவில் நல்ல தர்ப்பை கிடைப்பது கடினம். மண்ணில் உப்பு ஏறியிருப்பதால் புல் குட்டையாக வளரும், பின்னும்போது முறிந்துவிடும். ஓர் ஆள் நீளத்துக்குப் பின்னுவதற்கு வேலணையிலிருந்து இரண்டு கட்டு எடுப்பித்தேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரியத்தை நான் அரைகுறையாகச் செய்யவில்லை என்பது பதிவில் இருக்கவேண்டும்.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு, என் பெயர் கைலாசபதி. வயது அறுபத்தேழு. ஊர் புங்குடுதீவு, மடத்துவெளி. நான்கு தலைமுறையாக எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு முதலாம் திருவிழாச் செய்யும் குடும்பம் எங்களுடையது. இந்த வாக்குமூலத்தை இன்னொருவர் கேட்டு எழுதுவதை நான் விரும்பவில்லை. என் கையாலேயே எழுதித் தருகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, வெருட்டவுமில்லை.

எனக்கு ஒரே தங்கை, லலிதாம்பிகை. தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்து, 1954ஆம் ஆண்டு நடராசாவுக்குக் கட்டிக்கொடுத்தவன் நான். நடராசாவுக்குத் தெற்கே ஒரு சிறு பட்டினத்தில் பலசரக்குக் கடை. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் அக்காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். கடை தெற்கில், பெண்சாதி தீவில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் இருவரும் பின்வளவில் இருந்து மணித்தியாலக் கணக்காகப் பேசுவார்கள், சிரிப்பார்கள். அவர் திரும்பிப் போகும் நாளில் லலிதா பஸ் நிற்கும் சந்திவரை கூடவே நடந்து போவாள். எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித் தெருவில் நின்று புருஷனை வழியனுப்புவதில்லை. இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. அவர்கள் அளவுக்கு மிஞ்சிப் பட்சமாக இருந்தார்கள் என்பதை நான் மறுக்கமாட்டேன். பிள்ளை இல்லை.

1958 வைகாசியில் தெற்கில் கலவரம் நடந்தது. நடராசாவின் கடை எரிந்தது என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பட்டினத்திலிருந்த எங்கள் ஊரவர் இருவரின் உடல்கள் கிடைத்தன. நடராசாவுடையது கிடைக்கவில்லை. ஐந்து மாதம் லலிதா சந்திக்குப் போய்ப் பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை அவளுடைய பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை உடைப்பவன் நான். உடைத்து வாசித்தேன்.

நடராசா தன் கையால் எழுதியிருந்தார். தலையில் அடிபட்டதாம். கடைக்குப் பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் நெல் வைக்கும் அறையில் ஏழு கிழமை அவரை ஒளித்து வைத்திருந்ததாம். அந்த வீட்டு மகள்தான் காயத்துக்கு மருந்து கட்டினவளாம். இப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சியாம். "உமக்கும் குற்றம் செய்தேன், அவளுக்கும் குற்றம் செய்தேன். மன்னிக்க முடியுமென்றால் எழுதும். முடியாதென்றால் அதையும் உமது கையாலேயே எழுதும்" என்று முடித்திருந்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

செய்தியை நான் எல்லாப் பக்கமும் நின்று பார்த்தேன். புருஷனைக் கலவரத்தில் இழந்த பெண்ணை ஊர் கையெடுத்துக் கும்பிடும். புருஷன் இன்னொருத்தியோடு தங்கிவிட்ட பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கும் தெரியும். எனக்கு ஒரு மகள், சிவயோகம், தாயில்லாப் பிள்ளை. அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று. அவளையும் ஒரு வீட்டில் கொடுக்கவேண்டும்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. புதன்கிழமை குருக்களிடம் போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடராசாவின் செத்தவீடு நடந்தது.

உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் ஆள் பின்னிச் சுடலைக்குக் கொண்டுபோவது எங்கள் முறை. கடலில் போனவர்களுக்கு அப்படித்தான் செய்வோம். குருக்கள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உறுதியான செய்தி வந்ததோ?"

"ஓம். கடிதம் வந்தது" என்றேன். அது பொய்யல்ல.

புல்லால் பின்னிய ஆளுக்கு நடராசாவின் கலியாண வேட்டியை உடுத்தினோம். சுண்ணப்பாட்டுப் பாடிச் சுண்ணம் இடித்தோம். லலிதா வாய்க்கரிசி போட வந்தபோது முகம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திகைத்து நின்றாள். நான் காட்டினேன். பிள்ளை இல்லாதவருக்குக் கொள்ளி வைக்கும் உரிமை பெண்சாதிக்கு. அவள் அந்த உரிமையைத் தர்ப்பையில் வைத்து என் கையில் தந்தாள். நான் வாங்கிக் கொள்ளி வைத்தேன். புல் மிக விரைவாக எரிந்துவிடும். சனங்கள் சுடலைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, பிறகு ஆண்டுதோறும் துவசம், எதையும் நான் விடவில்லை. அவளுக்கு இருபத்தெட்டு வயது. தாலியைக் கழற்றினார்கள், பொட்டை அழித்தார்கள், வெள்ளைச் சேலை கட்டினாள். ஊர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. நான் கணித்தது பிழையாகவில்லை.

அதன் பிறகு நடராசா மேலும் நான்கு கடிதங்கள் எழுதினார். நான் பதில் போடவில்லை. பதில் இல்லாததே ஒரு பதில்தான் என்று ஒருவர் விளங்கிக்கொள்ள வேண்டும். அவர் விளங்கிக்கொள்ளவில்லை. ஐந்தாவது கடிதம் 1964 மாசியில் வந்தது. அந்தச் சிங்களப் பெண் காய்ச்சலில் இறந்துவிட்டாள், பிள்ளையை அவளுடைய தாய் பார்க்கிறாள் என்றும், தான் நேரில் வந்து லலிதாவின் காலில் விழப்போவதாகவும், போகச் சொன்னால் போய்விடுவதாகவும் எழுதி, வரும் நாளையும் குறித்திருந்தார். பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை.

அந்த ஆண்டு வைகாசியில் சிவயோகத்துக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு காரைநகர்ப் பகுதி. நல்ல குடும்பம், கண்டிப்பான குடும்பம். பெண்ணின் தகப்பன் உயிரோடிருக்கும் மச்சானுக்குத் தெரிந்தே கொள்ளி வைத்தவன் என்று வெளியில் வந்தால் அந்தக் கலியாணம் நடக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நான் அவருக்காகக் காத்திருந்தேன். மெலிந்து போயிருந்தார். தலையில் ஒரு பக்கம் மயிர் முளைக்கவில்லை. கையில் ஒரு தகரப் பெட்டி. என்னைக் கண்டதும் அதை வைத்துவிட்டுக் காலில் விழப் பார்த்தார். நான் தடுத்தேன்.

"மச்சான், அவ சுகமோ?"

"சுகம்."

"என்ரை கடிதங்கள் கிடைச்சதோ அவவுக்கு?"

"கிடைச்சது. உம்மோடை ஒரு விசயம் கதைக்கவேணும். இரும்."

அவரைத் தேத்தண்ணீர்க் கடைக்குள் இருத்தி, செத்தவீடு நடந்ததைச் சொன்னேன். கலவரச் செய்தியைக் கேட்டுப் பிழையாக நம்பி, கடிதம் வருவதற்கு முன்பே செய்துவிட்டோம் என்றேன். அவர் தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தார். பிறகு சிரித்தார்.

"அப்ப நான் இப்ப பேயோ, மச்சான்?"

"சாத்திரப்படி ஓம்" என்றேன்.

இதிலும் நான் பொய் சொல்லவில்லை. கிரியை முடிந்த ஒருவர் உயிரோடு திரும்பினால், அவர் அப்படியே வீட்டுக்குள் வரமுடியாது. நெய்யில் முழுக்காட்டி, புதிதாகப் பிறந்த பிள்ளைக்குச் செய்யும் சடங்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டும். முடிவில் தன் பெண்சாதிக்கே மறுபடி தாலி கட்டவேண்டும். இது முறையில் உள்ளது. நீங்கள் எந்தக் குருக்களிடமும் கேட்கலாம். நான் சேர்த்துச் சொன்னது சிறிதுதான். அதுவரை மடத்துவெளிக்குள் கால் வைக்கக்கூடாது, மூன்று நாள் ஆளில்லாத இடத்தில் விரதம் இருக்கவேண்டும், ஞாயிறு காலை குருக்களையும் நெய்க்குடத்தையும் கொண்டு நானே வருவேன் என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அவவுக்கே இரண்டாந்தரம் தாலி கட்டலாமோ? லலிதா ஓம் எண்டவவோ?"

"ஓம் எண்டவ."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையைப் பற்றிச் சொன்னார். பெண் பிள்ளை. "அவவின்ரை பேரைத்தான் வைச்சனான், மச்சான். கோவிக்கமாட்டாதானே?" என்று கேட்டார்.  எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை அந்தக் குழந்தைக்கு வைத்ததை நான் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊரில் ஒருவரும் காணாதபடி குறிகட்டுவான் பக்கத்துக் கரைக்குப் போனோம். சில்வெஸ்ரர் என்ற கத்தோலிக்கக் கடற்றொழிலாளி வள்ளத்தோடு நின்றான். முதல்நாளே பேசியிருந்தேன். நயினாதீவைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கமாகக் கடலுக்குள் ஆளில்லாத ஒரு சிறு திட்டு உண்டு. கல்லும் மணலும் முட்பற்றையும். கிணறு இல்லை, நிழல் மரமும் இல்லை. அது இருக்கும் இடத்தின் படத்தைத் தனித்தாளில் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன்.

பங்குனி வெயில். கடல் எண்ணெய் போலக் கிடந்தது. வள்ளத்தில் நடராசா ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போது கேட்டார்.

"மச்சான், தண்ணியும் குடிக்கக்கூடாதோ?"

"கூடாது. பிறக்காத பிள்ளை தண்ணி குடிக்குமோ?"

"சரி. மூண்டு நாள்தானே. அவ ஆறு வருசம் இருந்தவ."

சில்வெஸ்ரருக்கு அது பிடிக்கவில்லை. வள்ளத்திலிருந்த தன் குடத்தைத் தூக்கினான்.

"ஐயா, இதை வைச்சிட்டுப் போவம். எங்கட தபசுகாலத்திலயும் தண்ணிக்குத் தடையில்லை."

"உங்கட முறை வேறை, எங்கட முறை வேறை. குடத்தை வள்ளத்துக்குள்ளையே வை."

"ஆள் வாடிப்போவார் ஐயா."

நடராசாவே அவனை அமர்த்தினார். "விடும் அண்ணை. மாப்பிள்ளை பட்டினி கிடந்தால்தான் கலியாணச் சாப்பாடு ருசிக்கும்" என்றார். பிறகு முழங்கால் தண்ணீரில் நின்று, வள்ளம் சிறிதாகும்வரை எங்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். சில்வெஸ்ரர் பலமுறை திரும்பிப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பது சரியென்று படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. போவதாக ஒருபோதும் நினைத்திருக்கவுமில்லை.

ஆனால் ஞாயிறு மத்தியானம் சில்வெஸ்ரர் எங்கள் படலை வாசலுக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இண்டைக்கு வள்ளத்துக்கு ஆளனுப்புவன் எண்டனீங்கள். காணேல்லை. அதுதான் வந்தனான்."

"அவர் வேறை வள்ளத்திலை வந்திட்டார்."

அவன் என் தோளுக்கு மேலால் வளவைப் பார்த்தான். முற்றத்தில் லலிதா வெள்ளைச் சேலையோடு நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை நெடுநேரம் பார்த்தான். "நல்லது, ஐயா" என்று சொல்லிப் போனான். அடுத்த கிழமை பெண்சாதி மாக்கிறேற்றையும் பிள்ளைகளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு மன்னார்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் திரும்பி வரவேயில்லை. போகும் வழியில் அந்தத் திட்டுக்குப் போனானா என்பது எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

சிவயோகத்தின் கலியாணம் சிறப்பாக நடந்தது. அதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் நான் ஒரு குறையும் இல்லாமல் இருந்தேன். கோயில் காரியம் பார்த்தேன். ஊர்ப் பிணக்குகளைத் தீர்த்து வைத்தேன். கடல் ஓரமாகப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். முழங்காலில் வாதம்.

இந்த ஆண்டு சித்திரையில் என் அலுமாரிக்குள் கறையான் புகுந்துவிட்டது. நான் கோயிலில் இருந்த நேரத்தில் லலிதா எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் பரப்பியிருக்கிறாள். எங்கள் வீட்டில் எழுத்து உள்ள தாளைக் கிழிக்கும் பழக்கம் இல்லை. ஐந்து கடிதங்களும் திகதிப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஒரு நாடாவில் கட்டப்பட்டிருந்தன. நான் வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் வழமைபோலச் சமைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு போட்டாள். நான் இரண்டாவது கவளம் எடுக்கும்போது கேட்டாள்.

"அண்ணை, கடைசிக் கடிதத்திலை வாறன் எண்டு நாள் போட்டிருக்கு. வந்தவரோ?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் வேறுவிதமாக யோசித்திருப்பேன்.

"வரேல்லை" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த பிழை இது ஒன்றுதான். வந்தார், செத்தார் என்று சொல்லியிருக்கலாம். ஏதோ ஒரு நோயைச் சொல்லியிருக்கலாம். வரவில்லை என்று சொன்னதால், வருவதற்கு அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று ஆகிவிட்டது.

"அப்ப இருக்கிறார்" என்றாள் லலிதா. "சுடலையிலை எரிச்சது புல்லைத்தானே, அண்ணை."

மறுநாள் காலையில் அவள் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கலியாணத்தில் உடுத்த அரக்குச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்தியிருந்தாள். ஐம்பது வயதுப் பெண், இருபத்திரண்டு வருடம் வெள்ளை கட்டியவள். அந்தக் கோலத்தோடு பதினொரு மணிப் பஸ்ஸுக்குச் சந்திவரை நடந்து போனாள். அயல்வீட்டு இலட்சுமிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன பிள்ளை இது கூத்து? ஆருக்குப் பொட்டு?"

"புருசன் உள்ளவள் பொட்டு வைக்கிறது கூத்தோ, மாமி?"

"எந்தப் புருசன்? உன்ரை அண்ணர் கொள்ளி வைச்சவரெல்லே."

"அவர் வைச்சது வைச்சதுதான். நான் அவரை மன்னிச்சிட்டன். வந்தால் சொல்லுவன்."

யாரை மன்னித்ததாகச் சொன்னாள் என்று இலட்சுமிப்பிள்ளை கேட்கவில்லை. நடராசாவைத்தான் சொல்லியிருப்பாள். வேறு யாரையும் மன்னிக்கும் அவசியம் அவளுக்கு இல்லை.

சிவயோகத்தின் மாமனார் வீட்டிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து விசாரித்துவிட்டது. கோயிலில் என் முகத்தை ஒருவரும் நேரே பார்ப்பதில்லை. அதை நான் தாங்கிக்கொள்வேன். எனக்குத் தாங்க முடியாதிருப்பது வேறு. அவள் தினமும் மூன்று பேருக்கு உலை வைக்கிறாள். மூன்றாவது சோற்றுக் கோப்பையை என் கதிரைக்கு எதிரே வைக்கிறாள். வெயிலில் வருகிறவர் விடாய்த்து வருவார் என்று சொல்லி, ஒரு செம்பு தண்ணீரைப் படலைக்கு உட்பக்கம் வைக்கிறாள். பின்னேரம் பார்த்தால் செம்பு வெறுமையாக இருக்கிறது. காகமாக இருக்கலாம், நாயாக இருக்கலாம் என்றேன்.

"காகம் குடிச்சால் செம்பைக் கவிட்டு வைக்குமோ, அண்ணை?" என்று அவள் கேட்டாள்.

செம்பு கவிழ்த்து வைத்தபடிதான் இருந்தது.

அன்றிலிருந்து நான் பகலிலும் முன்கதவைப் பூட்டுகிறேன். பதினொரு மணிப் பஸ் சந்தியில் நிற்கும் சத்தம் கேட்டதும் கையில் எடுத்த செம்பைக் கீழே வைத்துவிடுகிறேன். தண்ணீரை வாயில் எடுத்தால் உள்ளே இறங்குவதில்லை. வைத்தியர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பஸ்ஸால் இறங்கி எங்கள் ஒழுங்கையால் நடப்பவர்களின் காலடியை எண்ணிக்கொண்டு இருக்கிறேன். எங்கள் படலையைக் கடந்து போகும்வரை எண்ணுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஒரு காலடி படலையில் நின்றது. நான் அறைக்குள் போய் அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். லலிதா கதவைத் திறந்து யாரோடோ பேசினாள், சிரித்தாள். யார் என்று நான் பிறகு கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இந்த நிலையில் எது சரியான வழி என்று யோசித்தே இங்கே வந்தேன். ஒரு கைம்பெண் பொட்டோடு தெருவில் நிற்பது எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற காரியமல்ல. அவர் செத்துவிட்டார் என்று அவளுக்குச் சான்றோடு தெரியவேண்டும். அந்தச் சான்றைத் தரக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆகவே முழு நிதானத்தோடு சொல்கிறேன். நடராசாவைத் தண்ணீரில்லாத திட்டில் விட்டுச் சாகவைத்தவன் நான். நெய்க்குடம் வரும் என்று நம்பிக்கொண்டு அவர் எத்தனை நாள் இருந்தார் என்பதை என்னால் சொல்ல முடியாது. முதல் செய்த கிரியை அவசரப்பட்டுச் செய்ததாக இருந்தது. பிறகு நான் செய்தது அதைச் சரிப்படுத்தியது மாத்திரமே.

இன்றே வள்ளம் ஒன்றை அனுப்பி அந்தத் திட்டைப் பாருங்கள். தெற்குக் கரையில், கல் குவிந்த இடத்தில்தான் இறக்கினோம். எலும்பு இருந்தால் கொண்டுவந்து லலிதாம்பிகைக்குக் காட்டி, பொட்டை அழித்துவிட்டு முறைப்படி இருக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் நான் குடும்ப மானத்தை நினைத்தே செய்கிறேன், வேறு எதற்காகவும் அல்ல.

அங்கே ஒன்றும் இல்லையென்றால், தயவுசெய்து என்னை வீட்டுக்கு மட்டும் அனுப்பவேண்டாம்.